மனவடுவுற்ற இளம் பிள்ளையும் பாடசாலையும்: கல்முனைக் கரையோரத்தை முன்வைத்து ஒரு நோக்கு

1. முன்னுரை

கிழக்கிலங்கையின் அம்பாறை மாவட்டக் கரையோரத்தில் மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் எனத் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம் மக்களின் ஊர்கள், பாண்டிருப்பு, காரைதீவு, திருக்கோவில் முதலிய தமிழூர்களோடு அடுத்தடுத்து அமைந்துள்ளன. நெல்வயலும் கடலும் கைத்தறியும் சிறு வணிகமும் அரசாங்க உத்தியோகமும் இம்மக்களின் வாழ்வுக்கு ஆதாரங்களாக விளங்குகின்றன. கல்வியில் இவர்கள் கொண்டுள்ள ஈடுபாடு யாவரும் அறிந்ததே. ஆயினும், பேரிழப்பையோ வன்செயலையோ அனுபவித்த ஒரு சிறு பிள்ளை மீண்டும் வகுப்பறைக்கு வரும்பொழுது பாடசாலை அப்பிள்ளைக்கு என்ன செய்யவேண்டும் என்ற வினா நம்மிடையே போதிய அளவு ஆராயப்பட்டதாகக் கூறமுடியாது.

அவ்வினாவுக்கு விடைகாண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஐந்து முதல் எட்டு வயது வரையான பிள்ளைகளே, அதாவது ஆரம்பப் பிரிவின் முதல் மூன்று தரங்களிற் பயில்வோரே, ஈண்டுச் சிறப்பாகக் கருத்திற் கொள்ளப்படுகின்றனர். இப்பருவத்துப் பிள்ளை தன் துன்பத்தைச் சொல்லால் எடுத்துரைக்கும் ஆற்றலை முழுமையாகப் பெற்றிருப்பதில்லை. ஆதலால் அதன் துன்பம் வேறு பெயர்களால் அழைக்கப்படுகின்றது. ‘குழப்படி’ என்றும், ‘படிப்பில் மந்தம்’ என்றும், ‘பயந்த கோளாறு’ என்றும் அது விளக்கப்பட்டுவிடுகின்றது. பெயர் பிழைத்தால் பரிகாரமும் பிழைத்துவிடும்.

‘மனவடு’ என்னும் சொல் ஈழத்துத் தமிழ் உளமருத்துவ எழுத்துக்களின் வழியாக வழக்கில் நிலைத்த ஒன்றாகும். இது தொடர்பில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரத்தின் பணி குறிப்பிடத்தக்கது. உடலிற் பட்ட காயம் ஆறிய பின்னும் வடு எஞ்சுவதைப் போல, உள்ளத்திற் பட்ட காயமும் தன் அடையாளத்தை விட்டுச்செல்கின்றது என்னும் கருத்தை இச்சொல் எளிதிற் புலப்படுத்துகின்றது. தனியாளின் மனவடுவைப் பற்றி மட்டும் பேசினாற் போதாது, குடும்பமும் ஊரும் கூட்டாக அடையும் மனவடுவையும் நோக்கவேண்டும் என்பது அவர் பின்னர் வற்புறுத்திய கருத்தாகும். கல்முனைக் கரையோரத்தை நோக்கும்போது இக்கருத்தின் பொருத்தம் நன்கு விளங்கும்.

2. கரையோரம் கண்ட துயரங்கள்

1978 நவம்பர் 23 ஆந் திகதி இரவு வீசிய சூறாவளி மட்டக்களப்புப் பிரதேசத்தைச் சிதைத்தது. 1985 இல் இக்கரையோரத்தில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் மோதல்கள் நிகழ்ந்தன. 1990 ஆம் ஆண்டு இன்னும் கொடியது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் காத்தான்குடியில் பள்ளிவாசல்களிலே தொழுகையில் நின்றோர் கொல்லப்பட்டனர்; ஏறாவூரிலும் முஸ்லிம் மக்கள் கொல்லப்பட்டனர். அதே ஆண்டில் கல்முனையிலும் வீரமுனையிலும் சத்துருக்கொண்டானிலும் தமிழ் மக்கள் கொல்லப்பட்டனர். ஒரே மொழியைப் பேசும் இரு சமூகங்களின் பிள்ளைகளும் ஒருவரையொருவர் அஞ்சி வளரும் நிலை இவ்வாறு தோன்றியது.

2004 டிசம்பர் 26 ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்த ஆழிப்பேரலை இலங்கையில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோரின் உயிரைக் கவர்ந்தது. மாவட்ட அடிப்படையில் நோக்குமிடத்து அம்பாறை மாவட்டமே மிகக் கூடிய உயிரிழப்பைச் சந்தித்தது. இங்கு மாத்திரம் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். மருதமுனை தொடக்கம் சாய்ந்தமருது வரையிலான, வீடுகள் நெருங்கி அமைந்த கடற்கரைக் குடியிருப்புக்களில் அழிவு மிகக் கடுமையாயிருந்தது. உயிர்தப்பியோர் பாடசாலைக் கட்டடங்களிலும் பள்ளிவாசல்களிலும் தஞ்சம் புகுந்தனர். கிழக்குக் கரையில் 200 மீற்றர் வரை வீடுகட்டத் தடைவிதித்த அரசாங்கத்தின் ஆரம்ப முடிவும், அதன் பின்னான நீண்ட குடியமர்த்தற் சிக்கல்களும் பல பிள்ளைகளின் வீட்டை மட்டுமன்றிப் பாடசாலையையும் அயலையும் மாற்றின.

2019 ஏப்பிரில் 21 ஆந் திகதி உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்கள் இடம்பெற்று ஐந்து நாட்களின் பின், ஏப்பிரில் 26 ஆந் திகதி இரவு, சாய்ந்தமருதில் ஒரு வீட்டைப் பாதுகாப்புப் படையினர் சுற்றிவளைத்தபோது நிகழ்ந்த குண்டுவெடிப்புக்களிலும் துப்பாக்கிச் சமரிலும் பதினைந்து பேர் இறந்தனர். அவர்களுள் அறுவர் சிறுவர். அவ்வொலியை அயல்வீடுகளிலிருந்து கேட்ட பிள்ளைகளும், பின்வந்த நாட்களிலே தேடுதல்களையும் சந்தேகப் பார்வைகளையும் கண்ட பிள்ளைகளும் எத்தனை பேர்? 2024 நவம்பர் 26 ஆந் திகதி காரைதீவு மாவடிப்பள்ளிப் பகுதியில், பெருவெள்ளத்தின் நடுவே அரபுக் கல்லூரி மாணவரை ஏற்றிச்சென்ற உழவு இயந்திரம் அள்ளுண்டதில் மாணவர் பலர் உயிரிழந்தனர். வீடு திரும்பும் வழியிலே தோழரைப் பறிகொடுத்த பிள்ளைகளுக்கு மழை இனி வெறும் மழையாக இராது.

இவற்றை வெவ்வேறு சம்பவங்களாக மட்டும் எண்ணுதல் தகாது. 2004 இல் ஆறு வயதாயிருந்த பிள்ளை இன்று தானே பெற்றோராகும் பருவத்தை எய்திவிட்டது. இன்று முதலாந் தரத்திற் சேரும் பிள்ளைகள் பலரின் வாப்பாவும் உம்மாவும் ஆழிப்பேரலையின் பிள்ளைகள். அவர்களின் பெற்றோர் 1990 இன் இளைஞர்கள். கடல் இரைந்தால் தாய் நடுங்குவதைக் காணும் பிள்ளை, அலையைக் காணாமலே அலைக்கு அஞ்சக் கற்றுக்கொள்கின்றது. 2012 ஏப்பிரில் 11 ஆந் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் ஏற்பட்ட நிலநடுக்கத்தின்போது விடுக்கப்பட்ட எச்சரிக்கை, அலை எதுவும் வராதபோதிலும், கரையோர மக்களை மீண்டும் ஓடவைத்தமை நினைவுகூரத்தக்கது.

3. இளம் பிள்ளையில் மனவடு வெளிப்படும் முறை

பிள்ளைகள் எல்லாவற்றையும் விரைவில் மறந்துவிடுவர் என்பது நம்மிடையே மட்டுமன்றி உலகெங்கும் நிலவிய நம்பிக்கையாகும். இதனைத் தகர்த்த ஆய்வுகளுள் இரண்டினைச் சுட்டலாம்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இலண்டன் நகரில் அன்னா புரொயிட்டும் டொரத்தி பேர்லிங்கமும் குழந்தைகளுக்கான போர்க்கால இல்லங்களை நடத்தினர். 1943 இல் வெளிவந்த அவர்களது நூல், குண்டுவீச்சைக் காட்டிலும் தாயைப் பிரிவதே இளம் பிள்ளையை ஆழமாகப் பாதிக்கின்றது என்பதை எடுத்துக்காட்டியது. ஆபத்தின் நடுவிலும் தாய் அமைதியாயிருப்பின் பிள்ளையும் பெரும்பாலும் அமைதியாயிருந்தது. பாதுகாப்பு என்பது இளம் பிள்ளையைப் பொறுத்தவரை ஓர் இடமன்று, ஓர் ஆளாகும் என்பதே இதன் உட்பொருள்.

1976 ஜூலையில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துச் சௌச்சில்லா என்னும் ஊரில், பாடசாலைப் பேருந்தில் சென்ற 26 பிள்ளைகள் கடத்தப்பட்டு, நிலத்தடியிற் புதைக்கப்பட்ட ஊர்தி ஒன்றினுள் அடைக்கப்பட்டனர். யாவரும் உயிருடன் தப்பினர். இப்பிள்ளைகளை ஆராய்ந்த உளமருத்துவர் லெனோர் ரெர், நான்கு ஆண்டுகளின் பின்னரும் அவர்கள் அனைவரிடத்திலும் அதன் விளைவுகள் எஞ்சியிருந்தமையைக் கண்டார். பிள்ளைகள் நடந்ததைப் பேசாமல் அதனையே திரும்பத் திரும்ப விளையாடினர். அவ்விளையாட்டில் மகிழ்ச்சி இருக்கவில்லை.

அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980 இல் வெளியிட்ட நோய்ப் பகுப்புக் கைந்நூல், நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயைத் தனி நோயாக முதன்முறையாக ஏற்றது. ஆறு வயதும் அதற்குட்பட்டதுமான பிள்ளைகளுக்கெனத் தனி அளவுகோல்கள் 2013 ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே இடம்பெற்றன. மருத்துவ உலகே இதனை உணர்வதற்கு முப்பத்துமூன்று ஆண்டுகள் சென்றன என்றால், ஐம்பது பிள்ளைகளை எதிர்நோக்கி நிற்கும் ஓர் ஆசிரியை அறியாதிருத்தலிற் குறைகாண இடமில்லை.

வகுப்பறையிற் காணத்தக்க அறிகுறிகளை நான்காக வகுக்கலாம். முதலாவது, மீள அனுபவித்தல். ஒரே சித்திரத்தைத் திரும்பத் திரும்ப வரைதல், புதைத்தல் அல்லது மூழ்குதல் போன்ற விளையாட்டினை ஓயாது ஆடுதல், பகலிலே திடீரென விறைத்து நிற்றல் ஆகியன இதன்பாற்படும். இரண்டாவது, தவிர்த்தல். குறித்த வீதியால் வர மறுத்தல், கடற்பக்க யன்னலருகே இருக்க மறுத்தல், பாடசாலைக்கு வரவே மறுத்தல் என இது வெளிப்படும். மூன்றாவது, எச்சரிக்கை மிகுதி. மணியொலிக்குத் துள்ளுதல், பின்புறமிருந்து தொட்டவரை அடித்தல், ஓரிடத்தில் இருக்க இயலாமை என்பன இதன் வெளிப்பாடுகள். நான்காவது, பின்னிறங்கல். முன்னர் பெற்றிருந்த திறனைப் பிள்ளை இழக்கின்றது: எழுதத் தெரிந்த எழுத்தை மறக்கின்றது, உடையில் சிறுநீர் கழிக்கின்றது, பேச்சுக் குறைகின்றது.

இவற்றுள் மூன்றாவதே பெரும்பாலும் தண்டனைக்கு உள்ளாகின்றது. மௌனமாயிருக்கும் பிள்ளையோ கவனிக்கப்படாமலே போகின்றது. அடக்கமான பிள்ளை என்று பாராட்டப்படும் பெண்பிள்ளையின் மௌனம் சிலவேளை அடக்கமாயிராது, அச்சமாயிருக்கும்.

4. ஏன் பாடசாலை?

மனவடுவுற்ற பிள்ளையை வைத்தியசாலைக்கு அனுப்பினாற் போதாதா எனக் கேட்கப்படலாம். ஐக்கிய நாடுகள் அமைப்புக்களும் பிற நிவாரண அமைப்புக்களும் இணைந்த நிலையியற் குழு 2007 இல் வெளியிட்ட வழிகாட்டி நூல் இதற்கு விடைதருகின்றது. அது உளச்சமூக உதவிகளை நான்கு அடுக்குகளைக் கொண்ட கூம்பகமாக உருவகித்தது. உணவு, உறையுள், பாதுகாப்பு என்பன அடித்தளம்; குடும்பத்தையும் சமூகத்தையும் வலுப்படுத்தல் இரண்டாம் அடுக்கு; பயிற்சிபெற்ற பொதுநிலை ஊழியரின் தனிக்கவனம் மூன்றாவது; உளமருத்துவ நிபுணரின் சேவை உச்சியிலுள்ள சிறு பகுதி. பாடசாலை இரண்டாம் மூன்றாம் அடுக்குகளிலே நிற்கின்றது. நாள்தோறும் பிள்ளை வந்துசேரும் அரசாங்க நிறுவனம் அது ஒன்றேயாம்.

ஆயினும் பாடசாலையிற் செய்வதெல்லாம் நன்மை தரும் எனக் கொள்வது பேதைமை. ஆழிப்பேரலை நிகழ்ந்து மூன்று நான்கு வாரங்களில் மணற்காடு, கொஸ்கொட, காலி ஆகிய இடங்களில் 264 பிள்ளைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வில், மனவடு நோய்க்குரிய அறிகுறிகள் இடத்துக்கிடம் 14 முதல் 39 விழுக்காடு வரை வேறுபட்டன. வேறுவிதமாகக் கூறின், பேரழிவின் மத்தியில் வாழ்ந்த பிள்ளைகளிலும் பெரும்பாலோர் நோயாளர் அல்லர். எல்லாப் பிள்ளைகளையும் நோயாளராக்கும் அணுகுமுறை தவறானது. 2005 இன் தொடக்கத்தில் வடகிழக்கில் 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளிடம் நிகழ்ந்த இன்னோர் ஆய்வு, போரும் ஆழிப்பேரலையும் மட்டுமன்றி வீட்டினுள் நிகழும் வன்முறையும் பிள்ளையின் உளநலத்தைப் பாதிப்பதைக் காட்டியது. 2012 இல் வெளியான வடபகுதி ஆய்வொன்று 399 பாடசாலைப் பிள்ளைகளிடையே, ஐந்து வாரங்களில் பதினைந்து அமர்வுகளாக நடத்தப்பட்ட வகுப்பறைத் திட்டம் ஒன்றைப் பரிசோதித்தது. நடத்தைப் பிரச்சினைகளில் நற்பயன் தெரிந்தது. ஆயின் மனவடு அறிகுறிகளைப் பொறுத்தவரை பொதுப்பயன் தென்படவில்லை. திட்டத்திற் பங்குபற்றிய பெண்பிள்ளைகள், பங்குபற்றாதோரைவிடக் குறைந்த முன்னேற்றமே காட்டினர் என்பது சிந்திக்கத்தக்கது.

இவ்வாய்வுகளிலிருந்து பெறத்தக்க முடிபு யாது? வெளியிலிருந்து வந்து சிலவாரம் நடத்திச் செல்லும் திட்டங்களிலும் பார்க்க, பிள்ளையின் அன்றாட வாழ்வில் நிலைத்துநிற்கும் ஒழுங்குகளே முக்கியமானவை. 1996 இல் மட்டக்களப்பிற் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் இயேசுசபைத் துறவி போல் சற்குணநாயகமும் சேர்ந்து தொடக்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா இவ்வகையில் முன்னுதாரணமானது. அங்குத் தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் பாடசாலைகளின் வழியாகத் தெரிவுசெய்யப்பட்டு, மாதக்கணக்கில் வாரந்தோறும் ஒன்றாகக் கூடிக் களிமண்ணிலும் வண்ணத்திலும் கதையிலும் ஈடுபட்டனர். பிள்ளைகளிடம் எவரும் துருவித் துருவி நடந்ததைக் கேட்கவில்லை.

5. உதவியை ஒழுங்குபடுத்தும் முறை

கருத்தைத் தெளிவுபடுத்தும்பொருட்டு ஒரு பிள்ளையைக் கற்பனை செய்துகொள்வோம். இரண்டாந் தரத்திற் பயிலும் ஏழு வயதுச் சிறுவன். கடற்றொழிலின்போது வாப்பா இறந்து ஆறு வாரங்களாகின்றன. மையித்து வீட்டுக்குக் கொண்டுவரப்பட்டதைக் கண்டவன். பாடசாலைக்குப் பிந்தி வருகின்றான், வந்தபின் உம்மாவிடம் போகவேண்டும் என அழுகின்றான், அருகிலிருப்போரை அடிக்கின்றான், மழைநாளில் எழுதுவதே இல்லை. இவனுக்கு என்ன செய்யவேண்டும்?

முதற்படி அவதானித்தல். வகுப்பாசிரியை இரண்டு வாரங்களுக்கு ஒரு சிறு குறிப்பேட்டில், எந்நாள், எந்நேரம், அதற்குமுன் என்ன நிகழ்ந்தது, எதனால் அமைதியடைந்தான் என்பவற்றை எழுதிவருதல் வேண்டும். ‘எப்போதும் குழப்படி’ என்ற பொதுக்கூற்று, ‘இடைவேளை மணியின் பின்னும் மழைநாளிலும்’ என்ற குறிப்பான அறிவாக மாறும்பொழுதே உதவிக்கு வழிபிறக்கின்றது.

இரண்டாவது, வீட்டைச் சந்தித்தல். ஈண்டு நமது சமூக வழக்கொன்றினைக் கருத்திற் கொள்ளவேண்டும். கணவனை இழந்த முஸ்லிம் பெண் நான்கு மாதமும் பத்து நாட்களும் இத்தா இருக்கின்றாள். அக்காலத்தில் அவள் பாடசாலைக்கு வருவாள் என எதிர்பார்க்க முடியாது. ‘பெற்றோரை அழைத்துவா’ எனப் பிள்ளையைத் திருப்பியனுப்புவது அப்பிள்ளைக்கு இரண்டாவது காயமாகும். பிள்ளைக்குப் பாடசாலை மிகத் தேவைப்படும் அந்த நான்கு மாதங்களில், பாடசாலையே வீட்டைத் தேடிச் செல்லவேண்டும். ஆசிரியை ஒருவர் நேரிற் சென்று தாயைக் காண்பதற்கு வழக்கமோ மார்க்கமோ தடையன்று. பாடசாலையில் எவரோடு பேசலாம் என்பதையும் தாயிடமே கேட்டறியலாம். மூத்தம்மா, சாச்சி, தாய்மாமன் ஆகியோருள் ஒருவர் அப்பொறுப்பை ஏற்பர்.

மூன்றாவது, சிறு கூட்டமும் எழுத்துமூல ஒழுங்கும். அதிபர், வகுப்பாசிரியை, ஆலோசனை வழிகாட்டலுக்குப் பொறுப்பான ஆசிரியர் இருப்பின் அவர், பாதுகாவலர் ஆகியோர் கூடி ஒரு பக்கத்தில் அடங்கும் திட்டமொன்றை எழுதவேண்டும். பிள்ளையை வாயிலில் வரவேற்பவர் யார், அவன் கலங்கும்போது செல்லத்தக்க ஆளும் இடமும் எவை, எப்பணிகள் குறைக்கப்படும், எத்திகதியில் மீண்டும் கூடுவது என்னும் நான்கும் அதிலே இருந்தாற் போதும். எழுதப்படாத நல்லெண்ணம் ஓர் ஆசிரியையின் இடமாற்றத்தோடு மறைந்துவிடும். நடந்த துயரத்தின் விபரங்களை அதில் எழுதத் தேவையில்லை. அவை பிள்ளைக்கும் குடும்பத்துக்கும் உரியவை.

நான்காவது, வகுப்பறை ஏற்பாடுகள். பணச்செலவில்லாத பலவற்றைச் செய்யலாம். கதவுக்கண்மையிலும் ஆசிரியைக்கு அருகிலும் சுவரைப் பின்னாகக் கொண்டும் இருக்கை அளித்தல். அன்றைய வேலையொழுங்கைக் காலையிலேயே சொல்லிவிடுதல். மணியடிப்பதற்கு முன் அவனுக்கு ஒரு சைகை காட்டுதல், அல்லது மணியடிக்கும் பொறுப்பை அவனிடமே ஒப்படைத்தல். எழுத்துவேலையைச் சிறு கூறுகளாக்குதல். உம்மாவின் கைக்குட்டை போன்ற ஒரு பொருளை வைத்திருக்க அனுமதித்தல். வீடு செல்லும்போது யார் வருவர் என்பதை முன்கூட்டியே கூறுதல் ஆகியன பயன் தருவன. 1999 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக்கல்விச் சீர்திருத்தம் விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை ஆகிய மூன்றையும் கற்பித்தல் முறைகளாக விதித்துள்ளது; அதிலும் கீழ்த்தரங்களில் விளையாட்டுக்கே முதன்மை உண்டு. களிமண், சித்திரம், பொம்மலாட்டம் என்பனவற்றுக்கு எவரிடமும் விசேட அனுமதி பெறவேண்டியதில்லை. புலமைப்பரிசிற் பரீட்சையை முதலாந் தரத்திலிருந்தே கண்முன் நிறுத்தி விளையாட்டு நேரத்தைக் கைவிடும் பாடசாலை, மனவடுவுற்ற பிள்ளைக்கு இருந்த ஒரே மருந்தையும் கைவிடுகின்றது.

பிரம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். கல்வி அமைச்சின் 2005/17 ஆம் இலக்கச் சுற்றறிக்கை பாடசாலைகளில் உடற்றண்டனையைத் தடைசெய்தது. ஏனைய பிள்ளைக்கு நோவாக முடிவது, வன்செயலைக் கண்ட பிள்ளைக்கு அதே சம்பவத்தின் மீள்வரவாக அமையும். தனக்கு ஓங்காவிடினும், அடுத்த பிள்ளைக்கு ஓங்கிய கையே அதற்குப் போதுமானது.

ஐந்தாவது, மேலதிக உதவிக்கு அனுப்புதல். ஒரு மாதத்துக்கு மேல் அறிகுறிகள் தணியாதிருத்தல், உண்ணாமை, உறங்காமை, பேச்சிழத்தல், தன்னைத்தான் காயப்படுத்தல், இறக்க விரும்புவதாகக் கூறுதல் ஆகியன காணப்படின் காலந்தாழ்த்தல் ஆகாது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, குடும்பநல உத்தியோகத்தர், கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை, கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை முதலிய அரச வைத்தியசாலைகள் ஆகியவற்றின் வழியாக உளமருத்துவ சேவையை நாடலாம். அச்சேவை இலவசமானது. பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும், நன்னடத்தை உத்தியோகத்தரும் குடும்பத்துக்கான உதவிகளோடு தொடர்புபடுத்துவர். பிள்ளை துன்புறுத்தப்படுவதாகச் சந்தேகம் எழுமாயின் அது குடும்ப விடயம் என ஒதுங்குதல் தவறு. 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கு 1929 என்னும் தொலைபேசி இலக்கத்தில் எவரும் அறிவிக்கலாம். வைத்தியரிடம் அனுப்பிய பின்னும் பாடசாலையின் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. மாதம் ஒருமுறை வைத்தியரைக் காணும் பிள்ளை மற்றைய நாட்களில் வகுப்பறையிலேயே இருக்கின்றது.

ஆறாவது, மீளாய்வும் கையளித்தலும். தவணைக்கு ஒருமுறை திட்டத்தை நோக்கி, தேவையற்றதை நீக்கவேண்டும். தரமேறும்பொழுது பழைய ஆசிரியை புதிய ஆசிரியையிடம் பிள்ளையை நேரில் ஒப்படைத்தல் நன்று. இறந்தோர் நினைவுநாள், மாரிக்காலம், டிசம்பர் இறுதி என்பன மீண்டும் கலக்கம் தரும் காலங்கள் என்பதையும் குறித்துவைக்கலாம்.

6. சமூகத்தின் ஆதாரங்கள்

கிழக்குக் கரையோரத்துத் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் வீடு பெண்வழியே சீதனமாகச் செல்வதும், மணமகன் மனைவியின் வீட்டில் வாழ்வதும், தாய்வழிக் குடி முறையும் நிலவுவதனை அக்கரைப்பற்றில் நெடுங்காலம் களஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே விரிவாக விளக்கியுள்ளார். இவ்வமைப்பினால் தாயின் உடன்பிறந்தாளும் தாயின் தாயும் பெரும்பாலும் ஒரே வளவிலோ அடுத்த வளவிலோ வாழ்வர். தாயை இழந்த பிள்ளைக்கு ஏலவே பழகிய மடிகள் பல இருந்தன. அன்னா புரொயிட் இலண்டனில் உருவாக்க முயன்ற ஒன்றை நமது ஊர்கள் மரபாகவே பெற்றிருந்தன எனலாம். ஆழிப்பேரலையின் பின்னர் வீட்டுத்திட்டங்கள் இவ்வுறவினரைப் பிரித்து வெவ்வேறிடங்களிற் குடியமர்த்தியபொழுது, குழந்தை பராமரிப்பின் அடித்தளமும் ஆட்டங்கண்டது. கல்லும் மண்ணும் பற்றிய தீர்மானமெனக் கருதப்பட்டது பிள்ளையின் உளநலம் பற்றிய தீர்மானமாகவும் இருந்தது.

பிள்ளை பயந்துவிட்டால் ஓதிப்பார்ப்பதும், ஓதிய தண்ணீர் கொடுப்பதும் இவ்வூர்களின் வழக்கம்; தமிழர் பார்வை பார்ப்பிப்பர். முற்போக்காளர் சிலர் இவற்றை மூடநம்பிக்கையென இகழ்வர். ஆயின் பிள்ளையை நடுவிலிருத்தி, உறவினர் சூழ, மூத்தவர் ஒருவர் அமைதியான குரலில் ஓதுவது அப்பிள்ளைக்கு ‘உன்னைக் காக்க யாவரும் உள்ளோம்’ என்ற செய்தியைத் தருகின்றது. அடித்தோ அச்சுறுத்தியோ பேயோட்டுவது வேறு, அது எதிர்க்கப்படவேண்டியது. குர்ஆன் மதரசா ஆசிரியரும் பிள்ளையை நாள்தோறும் காண்பவர். அவரையும் திட்டத்திற் சேர்த்துக்கொள்ளின், பாடசாலையில் மென்மையும் மதரசாவில் பிரம்பும் என்ற முரண்பாடு நீங்கும்.

7. தடைகள்

இவ்வளவும் செய்யக்கூடியனவாயின் ஏன் செய்யப்படுவதில்லை? பொறுப்பை ஆசிரியரின் மனப்பான்மைமீது மட்டும் சுமத்துவது சரியன்று. வகுப்பிலே பிள்ளைகள் மிகுதி. ஆசிரியருள்ளும் பலர் உற்றாரை இழந்தவர்கள். ஆலோசனைச் சேவை பெரும்பாலும் மேல்வகுப்பு மாணவரையே நாடுகின்றது. வர்க்க வேறுபாட்டின் செல்வாக்கும் இங்குத் தெளிவாகத் தெரிகின்றது. வசதிபடைத்த குடும்பத்துப் பிள்ளை கலங்கினால் தனியார் வைத்தியரிடம் செல்லும். கடற்றொழிலாளியின் பிள்ளையோ, நெசவுத் தொழிலாளியின் பிள்ளையோ கலங்கினால் வரவு குறைந்து, பின்னர் பெயரே இடாப்பிலிருந்து மறையும். கட்டாயக் கல்வி வயதெல்லை 2016 இல் பதினாறாக உயர்த்தப்பட்டது. ஆயின் இடைவிலகலின் விதை இரண்டாந் தரத்திலேயே விழுந்துவிடுகின்றது. ‘பைத்தியம்’ என்னும் பட்டம் பிற்காலத்தில் திருமணத்தைப் பாதிக்கும் என்ற அச்சம், சிறப்பாகப் பெண்பிள்ளைகளின் பெற்றோரை வைத்தியசாலை வாசலிலிருந்து திருப்பிவிடுகின்றது.

இன்னொரு தடை, பாடசாலைகள் இனவழியே பிரிந்து கிடப்பதாகும். தமிழ்ப் பாடசாலையிலும் முஸ்லிம் பாடசாலையிலும் ஒரே பாடநூல் ஒரே மொழியிற் கற்பிக்கப்படுகின்றது. ஒரே கடலின் நினைவும் இருபாலாரிடமும் உண்டு. ஆயினும் கல்முனையின் ஆசிரியர்கள் இவ்விடயத்தில் ஒன்றாகக் கூடிக் கற்கும் வாய்ப்புக்கள் அரிதாகவே உள்ளன. மற்றைய சமூகத்தின் பிள்ளையும் அழுதது என்பதனை அறியாது வளரும் பிள்ளை, தன் மனவடுவைப் பகையாக மாற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஆதலின் வலயக் கல்விப் பணிமனைகள் இரு சமூக ஆரம்பப்பிரிவு ஆசிரியரையும் இணைத்துப் பயிற்சி வழங்குவது உளநல முயற்சியாக மட்டுமன்றிச் சமூக ஒற்றுமைக்கான முயற்சியாகவும் அமையும்.

8. முடிவுரை

1989 ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தினை இலங்கை 1991 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. போரினாலோ வன்முறையினாலோ பாதிப்புற்ற பிள்ளையின் உடல், உள மீட்சிக்கான எல்லா நடவடிக்கைகளையும் எடுக்கும் கடமையை அச்சமவாயத்தின் 39 ஆம் உறுப்புரை அரசின்மீது சுமத்துகின்றது. ஆகவே மேலே விவரித்த ஒழுங்குகள் ஒரு நல்லாசிரியையின் இரக்கத்தைப் பொறுத்தனவாக இருத்தலாகாது. அவை பிள்ளையின் உரிமையாகவும், பாடசாலையின் வழமையான நிருவாகப் பணியாகவும் ஆதல் வேண்டும்.

பல்கலைக்கழகச் சமூகத்துக்கும் இதிற் கடமையுண்டு. தமிழ்மொழியில் ஆரம்பப்பிரிவு ஆசிரியருக்கேற்ற சிறு கைந்நூல்கள், இக்கரையோரத்து முஸ்லிம், தமிழ்ப் பேச்சுவழக்கில் பிள்ளைகள் அச்சத்தையும் துயரத்தையும் வெளியிடப் பயன்படுத்தும் சொற்களின் தொகுப்பு, இரு சமூகப் பாடசாலைகளிலும் நெடுங்காலம் தொடரும் ஆய்வுகள் என்பன உடனடியாக வேண்டப்படுகின்றன. பெருஞ்செலவு பிடிக்கும் நிறுவனங்கள் எழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடு, ஒரு வீட்டுச் சந்திப்பு, ஒரு பக்கத் திட்டம், காலையில் வாயிலில் நின்று பெயர்சொல்லி அழைக்கும் ஓர் ஆள் என்பனவற்றோடு எந்தப் பாடசாலையும் அடுத்த தவணையிலேயே இப்பணியைத் தொடங்கலாம்.